கருவி மௌனமானால் என்ன செய்வது?
தொலைவிலுள்ள தோட்டத்தைக் கைத்தொலைபேசி மூலம் பராமரிப்போருக்குச் சில வழிகாட்டல்கள்



காணி ஒரு திசையிலும் குடியிருக்கும் கூரை வேறொரு திசையிலுமாக வாழும் நிலை எம்மவர்க்குப் புதியதன்று. விடுவிக்கப்பட்ட காணிக்குக் காலையில் சென்று, மண்ணைக் கொத்தி, நீர் இறைத்து, பொழுது சாய்கையில் உறவினர் வளவிலுள்ள தற்காலிகக் கொட்டிலுக்குத் திரும்பும் குடும்பங்கள் இன்றும் பல உள்ளன. கிணறும் வாய்க்காலும் இருந்தும், வீடு இல்லாத காரணத்தால் இரவில் அங்கு தங்கமுடியாதவர்கள் இவர்கள். இத்தகையோரின் கைகளுக்குச் சில காலமாக ஒரு புதிய உதவியாளன் வந்துசேர்ந்துள்ளான். நீரிறைக்கும் மோட்டோருக்கு அருகே பொருத்தப்படும் சிறு பெட்டியே அது. அதனுள் ஒரு சிம் அட்டை இருக்கும். கைத்தொலைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் மோட்டோர் ஓடும். இன்னொன்று அனுப்பினால் நிற்கும். இதேவகைக் கருவிகள் தொட்டியின் நீர்மட்டத்தை அறிவிக்கவும், யானை வேலியின் மின்னோட்டம் நின்றால் எச்சரிக்கவும் பயன்படுகின்றன.

இந்த எண்ணம் எமது நாட்டில் தோன்றியதன்று. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், புனே நகரைச் சேர்ந்த பொறியியலாளர் சந்தோஷ் ஒஸ்த்வால் என்பவர் 'நானோ கணேஷ்' என்னும் பெயரில் இவ்வாறான கருவியை உருவாக்கி, அங்குள்ள விவசாயிகளிடையே பரப்பினார். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் நள்ளிரவிலும் வயலுக்கு நடந்த விவசாயியின் கால்களுக்கு ஓய்வு கொடுப்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆயினும், பேசவேண்டிய நேரத்தில் கருவி பேசாமல் விட்டால் என்ன ஆகும்? அதைப் பற்றியே இக்கட்டுரை.

ஓர் இரவு நடந்தது

வலிகாமம் வடக்கில் செம்மண் காணியொன்று. அதன் உரிமையாளர்கள் 14 கிலோமீற்றர் தொலைவில், உறவினர் வளவில் வசிக்கும் ஒரு கணவனும் மனைவியும். சின்ன வெங்காயம் நட்டு 40 நாட்கள் கடந்திருந்தன. வழக்கமாகக் காலை 6 மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மோட்டோரை ஓடவிடுவார்கள். ஓடத்தொடங்கியதும் கருவியிலிருந்து பதில் வரும். அன்று கணவர் கூலிவேலைக்கு வெளியூர் சென்றிருந்தார். காலையில் மின்தடை. ஆகவே மனைவி இரவு 7 மணிக்கு, தொட்டியை நிரப்பிவைப்போம் என்று எண்ணிச் செய்தி அனுப்பினார். பதில் வரவில்லை. "ரவர் சரியில்லைப் போல" என்று நினைத்துக்கொண்டார். எட்டரை மணிக்கு நிறுத்தும்படி செய்தி அனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. பின்னும் இருமுறை அனுப்பினார். அந்த நேரத்தில் அப்பக்கம் போக பஸ் இல்லை.

காலை முதல் பஸ்ஸில் அவர் போய்ச் சேர்ந்தபோது மோட்டோர் வெந்துபோயிருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, பாத்திகள் சேறாகி, கிணற்றின் அடி தெரிந்தது. அதைவிடப் பெரிய இழப்பு பின்னரே தெரியவந்தது. குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் தேங்கிநிற்கும் நன்னீர். அது கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருப்பது. அளவுக்குமீறி இறைத்தால் உவர் மேலெழும். அந்தக் கிணறும் அந்தப் போகம் முழுவதும் உவர்த்தது. வெங்காயத்தில் பாதிகூட மிஞ்சவில்லை.

"சுவாமி, நிப்பாட்டச் சொல்லி மூண்டு தரம் அனுப்பினனான். அது கேக்கேல்லை," என்று அந்தத் தாய் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. அவர் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டபோது இன்னுமொரு வேடிக்கை நிகழ்ந்தது. முதல்நாள் இரவு அனுப்பிய மூன்று 'நிறுத்து' செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்ந்தன. கருவி மிகுந்த பணிவோடு "நிறுத்தப்பட்டது" என்று மூன்று தடவை பதில் அனுப்பியது.

அப்படியாயின் அந்த இரவு முழுவதும் கருவிக்கு என்ன நேர்ந்தது? அதன் வானலைப் பகுதி அணைந்துபோயிருந்தது. இதைப் புரிந்துகொள்வதற்குப் பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று முதலில் அறியவேண்டும்.

பெட்டிக்குள் இருப்பவை

இவ்வகைக் கருவிகளில் ஐந்து பாகங்கள் உள்ளன.

முதலாவது, மின்வழங்கி. இது மின்சாரக் கம்பியிலிருந்தோ, சூரியத் தகட்டிலிருந்தோ, பற்றரியிலிருந்தோ மின்னைப் பெற்றுத் தரும்.

இரண்டாவது, நுண்கட்டுப்படுத்தி. இது கருவியின் மூளை. மோட்டோரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது இதுவே.

மூன்றாவது, மொடெம். கைத்தொலைபேசியில் திரையையும் பொத்தான்களையும் கழித்துவிட்டால் எஞ்சுவது போன்றது. கோபுரத்தோடு வானலையில் பேசுவது இதன் பணி.

நான்காவது, சிம் அட்டை. இது கருவியின் அடையாள அட்டை.

ஐந்தாவது, அன்ரெனா. இதுவே கருவியின் வாயும் காதும்.

இங்கு முக்கியமாக மனதில் இருத்தவேண்டியது ஒன்றுண்டு. மூளையும் மொடெமும் வெவ்வேறானவை. மூளை விழித்திருக்க மொடெம் உறங்கிப்போகலாம். பெட்டியில் விளக்கு எரிகின்றது என்பதால் அது எம்மோடு பேசும் நிலையில் இருக்கின்றது என்று எண்ணிவிடக்கூடாது.

மௌனம் ஐந்து வகை

கருவி பதில் தராதபோது எல்லோரும் சொல்வது "சிக்னல் இல்லை" என்பதே. ஆனால் மௌனத்திற்குக் காரணங்கள் பல. ஓர் உவமையால் விளக்குகின்றேன். மொடெமை வீடு ஒன்றிற்குச் செய்தி கொண்டுசெல்லும் ஆளாகவும், வலையமைப்பை அந்த வீடாகவும் கொள்வோம்.

1. ஆள் மயங்கிக் கிடக்கின்றான். மொடெமுக்கு மின் போதவில்லை, முற்றாக அணைந்துவிட்டது.

2. ஆள் விழித்திருக்கின்றான், ஆனால் வாயையும் காதையும் பொத்திக்கொண்டிருக்கின்றான். மொடெம் இயங்குகின்றது; வானலைப் பகுதி மட்டும் நிறுத்தப்பட்டுள்ளது. கைத்தொலைபேசியில் விமானப் பயண நிலையை அழுத்தினால் ஏற்படுவது இதுவே. கருவியில் இதை யாரும் விரலால் அழுத்துவதில்லை. மூளையிலிருந்து வந்த ஒரு கட்டளையால் நிகழும். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகவும் சிலவேளை இவ்வாறு செய்யப்படும். சில வகை மொடெம்கள் இந்நிலையை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, நிறுத்திப் போட்ட பின்னரும் வாயைத் திறவாமலே இருக்கும்.

3. ஆள் தெருவில் நின்று கூப்பிடுகின்றான். பதில் குரல் இல்லை. வானலை வேலைசெய்கின்றது, கோபுரம் எட்டவில்லை. கோபுரத்தில் மின் இல்லாதிருக்கலாம், அன்ரெனா கழன்றிருக்கலாம்.

4. ஆள் படலைவரை வந்துவிட்டான். உள்ளே விடுகிறார்கள் இல்லை. கோபுரம் கேட்கின்றது, ஆனால் சிம் காலாவதியானதாலோ, முடக்கப்பட்டதாலோ, கருவி ஏற்றுக்கொள்ளப்படாததாலோ மறுக்கப்படுகின்றது.

5. ஆள் உள்ளே வந்துவிட்டான். ஆனால் செய்தியை யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை. வலையமைப்பில் பதிவாகிவிட்டது, ஆனால் மீதிப் பணம் இல்லை, அல்லது தரவுக்கான முகவரி அமைப்புப் பிழை.

ஐந்து மௌனங்களும் எமது கைத்தொலைபேசியில் ஒரே மாதிரியாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. காய்ச்சல் என்றவுடன் எல்லோருக்கும் ஒரே குளிசை கொடுக்கலாகாது அல்லவா?

படிப்படியாகச் சோதிக்கும் முறை

பின்வரும் ஒழுங்கிலே செல்லுங்கள். இலகுவானதை முதலில் பார்த்துக் கடினமானதைக் கடைசியில் பார்ப்பதே இதன் இரகசியம். பெட்டியைத் திறக்குமுன் பிரதான ஆளியை நிறுத்துங்கள். மோட்டோருக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். அது பாமரன், படித்தவன் என்று பார்ப்பதில்லை. ட்ரிப் சுவிற்ச் இல்லாத இடத்தில் இக்கருவியைப் பொருத்தவே வேண்டாம்.

முதற்படி: விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான மொடெம்களில் ஒரு சிறு விளக்கு மினுங்கும். மலிவான கருவிகளில் பரவலாகக் காணப்படும் சிம்800 வகை மொடெமில், ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை மினுங்கினால் அது இன்னும் கோபுரத்தில் பதிவாகவில்லை. மூன்று வினாடிக்கு ஒருமுறை நிதானமாக மினுங்கினால் பதிவாகிவிட்டது. விளக்கே இல்லையென்றால் அது அணைந்துள்ளது அல்லது உறங்குகின்றது. சிறிது நேரம் வேகமாக மினுங்கி, அணைந்து, மீண்டும் தொடங்கினால் மின் போதாமையே காரணம் என்று பெரும்பாலும் சொல்லலாம். மற்ற வகைகளில் மினுங்கும் முறை வேறுபடும். கருவியை வாங்கும்போதே கேட்டு, பெட்டியின் மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: சிம்மை எடுத்துக் கைத்தொலைபேசியில் போடுங்கள். செலவின்றிச் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை இதுவே. இரகசிய எண் கேட்கின்றதா? அப்படியாயின் கருவியால் அதைத் தாண்டமுடியாது. கைத்தொலைபேசியிலேயே அந்தப் பூட்டை நீக்கிவிடுங்கள். ஊகித்து எண்களை அழுத்தவேண்டாம். மூன்று தடவை பிழைத்தால் சிம் பூட்டிக்கொள்ளும். அழைப்பு எடுக்க முடிகின்றதா? மீதிப் பணம் உள்ளதா? காலம் முடிந்துவிட்டதா? இடம்பெயர்ந்து திரியும் எம்மவர் வேறொருவர் பெயரிலுள்ள சிம்மைப் போட்டுவிடுவதும் உண்டு. அவர் "தொலைந்துவிட்டது" என்று அறிவித்துப் புதிய அட்டை எடுத்தால் உங்கள் மோட்டோர் ஊமையாகிவிடும். சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இங்கு பலர் தடுமாறும் இடம் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். சில காரணங்களுக்காக வலையமைப்பு ஒரு சிம்மை மறுத்துவிட்டால், மொடெம் அந்தச் சிம் செல்லாதது என்று முடிவுசெய்து, மீண்டும் முயலாமல் இருந்துவிடும். மின்னை நிறுத்திப் போடும்வரை அல்லது சிம்மைக் கழற்றும்வரை அது அம்முடிவை மாற்றாது. ஆகவே சிம்மின் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு, "இன்னும் வேலைசெய்யவில்லையே" என்று காத்திருப்பதில் பயனில்லை. கருவியை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் போடவேண்டும். வேறு சில தோல்விகளில், ஐந்து தடவை முயன்றபின் மொடெம் வழமையாக 12 நிமிடங்கள் ஓய்வெடுத்தே மறுபடி முயலும். பொறுமையின்றி நிறுத்திப் போட்டுக்கொண்டே இருந்தால் நோய் எது, மருந்து எது என்று தெரியாமற் போகும்.

மூன்றாம் படி: அன்ரெனாவைப் பாருங்கள். கம்பியின் முனை கறுத்துள்ளதா? எலி கடித்துள்ளதா? திருகாணி தளர்ந்துள்ளதா? அன்ரெனா தகரப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தால் வானலை வெளியே வராது; அதை வெளியே எடுத்து, நிமிர்ந்து நிற்கும்படி, கூடிய உயரத்தில் பொருத்துங்கள். மின்னை நிறுத்தாமல் அன்ரெனாவைக் கழற்றவேண்டாம். கம்பம் நாட்டுவதற்கு உயரமான இடம் தேடும்போது, கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத நிலத்திற்குள் ஒரு காலடியும் வைக்கவேண்டாம். சிக்னலைவிடக் கால் பெரிது.

நான்காம் படி: கோபுரத்தைச் சோதியுங்கள். அதே நிறுவனத்தின் சிம் உள்ள கைத்தொலைபேசியைப் பெட்டிக்கு அருகில் பிடியுங்கள். அதில் கோடுகள் நிறைய இருப்பதால் கருவிக்கும் அவ்வாறே என்று எண்ணவேண்டாம். கைத்தொலைபேசி 4ஜி வழியாகப் பேசும். மலிவான கருவி 2ஜி வழியாக மட்டுமே பேசும். கைத்தொலைபேசியின் அமைப்புகளில் '2ஜி மட்டும்' என்று மாற்றிப் பார்த்தாலே உண்மை தெரியும்.

ஐந்தாம் படி: மின்னின் பலத்தை அளவுங்கள். அடிக்கடி ஏமாற்றும் இடம் இதுதான். 2ஜி மொடெம் சும்மா இருக்கும்போது மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே எடுக்கும். ஆனால் கோபுரத்தை நோக்கிப் பேசும் கணத்தில், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்திற்கு, 2 அம்பியர்வரை இழுக்கும். மின்வழங்கி சிறிதாயின் அக்கணத்தில் வோல்ற்றளவு விழும். சிம்800 வகைக்கு 3.4 முதல் 4.4 வோல்ற்றுவரை தேவை. அதற்குக் கீழே போனால் அது அணைந்துவிடும். சாதாரண அளவுமானி இந்தக் கணநேர வீழ்ச்சியைக் காட்டாது. ஆகவே பலமான மின்வழங்கியொன்றை மாற்றிப் பார்ப்பதே நல்ல சோதனை.

அந்த வெங்காயத் தோட்டத்தில் நடந்தது இதுவே

தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவருடன் நாம் அங்கு சென்றோம். பகலில் எத்தனை தடவை ஓட்டினாலும் கருவி ஒழுங்காகவே பதில் தந்தது. விற்றவரும் பகலில் வந்து பார்த்து, "கருவியில் பிழையில்லை" என்று சொல்லிப் போயிருந்தார். அந்தத் தாயோ, "இரவிலைதானே சுவாமி நடந்தது" என்று மறுபடி மறுபடி சொன்னார். அவர் சொன்னதே சரி. நோயாளி சொல்வதைக் கேளாத வைத்தியருக்கு நோய் பிடிபடாது.

இரவு 7 மணிவரை காத்திருந்தோம். அந்த மின்கம்பி வரிசையில் அவர்களுடையதே கடைசி இணைப்பு. எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும் நேரத்தில் அங்கு வோல்ற்றளவு ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. மோட்டோர் ஓடத்தொடங்கும்போது வழக்கமான அளவைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கட்டளை கொடுத்தோம். மோட்டோர் உறுமிக்கொண்டு எழுந்தது. வளவின் விளக்கு மங்கியது. மொடெமின் விளக்கு அணைந்தது. மூளையின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சங்கிலி இப்போது தெளிவாயிற்று. மோட்டோர் எழுந்தபோது வோல்ற்றளவு விழுந்தது. மெலிந்த மின்வழங்கி அதைத் தாங்கவில்லை. மொடெம் அணைந்தது. குறைந்த வோல்ற்றளவிலும் உயிர்வாழக்கூடிய மூளை விழித்திருந்தது. மொடெம் அணைந்ததை அது அறியவில்லை. அறிந்துகொள்ளும்படி அதற்குச் சொல்லிக்கொடுக்கப்படவும் இல்லை. "நிறுத்து என்ற கட்டளை வரும்வரை ஓட்டு" என்பதே அதற்குத் தெரிந்த ஒரே பாடம். வராத கட்டளைக்காக அது விடியும்வரை காத்திருந்தது.

செய்த திருத்தங்கள் மூன்று. பெரிய மின்வழங்கியையும், மொடெமுக்கு மிக அருகில் ஒரு பெரிய கொள்ளளவியையும், தாங்குவதற்கு ஒரு சிறு பற்றரியையும் சேர்த்தோம். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை "விழித்திருக்கிறாயா?" என்று மொடெமைக் கேட்கவும், பதில் இல்லையேல் அதன் மின்னை வெட்டி மீண்டும் கொடுக்கவும் மூளைக்குக் கற்பித்தோம், மூன்று தடவை தோற்றால் மோட்டோரை நிறுத்திவிடும். இறுதியாக, இந்தப் பெட்டியோடு எத்தொடர்புமில்லாத ஒரு சாதாரண நேர ஆளியை மோட்டோருக்குப் போட்டோம். எது நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தின்பின் அது மோட்டோரை நிறுத்தும். மூன்றிலும் விலை குறைந்தது அதுவே. கிணற்றைக் காத்திருக்கக்கூடியதும் அதுவே.

இளைஞர்களுக்கு: மொடெமிடமே கேட்டறிதல்

கணினிப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் மொடெமுடன் நேரடியாகப் பேசலாம். 1981ஆம் ஆண்டில் ஹேய்ஸ் நிறுவனத்தின் மொடெமோடு வந்த 'ஏ.ரி.' கட்டளைகளின் வழிவந்த மொழியையே இன்றைய மொடெம்களும் பேசுகின்றன. கட்டளைகளை ஆங்கில எழுத்தில், முன்னால் 'ஏ.ரி.' என்பதும் கூட்டல் குறியும் இட்டு, பின்னால் கேள்விக்குறியோடு அனுப்பவேண்டும்.

'சி.எஃப்.யூ.என்.' என்று கேட்டால் வானலையின் நிலையைச் சொல்லும். 1 எனில் முழுமையாக இயங்குகின்றது. 0 எனில் மிகக் குறைந்த இயக்கம். 4 எனில் வானலை நிறுத்தப்பட்டுள்ளது. 0 அல்லது 4 வந்தால் 1 ஆக மாற்றுங்கள். மாற்றியும் மறுநாள் பழைய நிலைக்கே வந்தால், மூளையிலுள்ள நிரலே அதை அணைக்கின்றது என்று அறிந்துகொள்ளுங்கள்.

'சி.பி.ஐ.என்.' என்பது சிம்மின் நிலையைக் கூறும். ஆயத்தம் என்று பதில் வரவேண்டும்.

'சி.எஸ்.கியூ.' என்பது சிக்னலின் பலம். இதற்குக் கேள்விக்குறி வேண்டியதில்லை. 0 முதல் 31 வரை வரும். 10க்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம். 99 வந்தால் அளக்க முடியவில்லை என்று பொருள். வானலை அணைந்த நிலையிலும் 99 வரும்.

'சி.ஆர்.ஈ.ஜி.' என்பது பதிவு நிலை. இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். 1 எனில் பதிவாகிவிட்டது. 5 எனில் வேறு நிறுவனத்தின் வலையமைப்பில் பதிவாகியுள்ளது. 2 எனில் தேடுகின்றது. 3 எனில் மறுக்கப்பட்டது. 0 எனில் பதிவும் இல்லை, தேடவும் இல்லை. வாயையும் காதையும் பொத்திக்கொண்டவனின் அடையாளம் இந்த 0.

உறக்கம் வேறு, நோய் வேறு

பற்றரியில் ஆண்டுக்கணக்காக இயங்கும் புதிய வகைக் கருவிகள் வேண்டுமென்றே வானலையை அணைத்து உறங்கும். குறித்த நேரத்தில் விழித்து, "தொட்டியில் இவ்வளவு நீர் உள்ளது" என்று சொல்லிவிட்டு மீண்டும் உறங்கும். இடையில் நீங்கள் கூப்பிட்டால் கேளாது. இது பழுதன்று. நீர்மட்டம், மழையளவு, மண்ணீரம் ஆகியவற்றை அறிவதற்கு இது நல்லது. உடனே கீழ்ப்படியவேண்டிய மோட்டோருக்கு ஏற்றதன்று. வாங்குமுன் இந்த வேறுபாட்டைக் கேட்டறியுங்கள்.

குறுஞ்செய்தியிலும் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. கருவி அணைந்திருக்கும்போது நீங்கள் அனுப்பும் செய்தி அழிந்துபோவதில்லை. நிறுவனத்தின் செய்தி நிலையத்தில் காத்திருக்கும். மாலையில் அனுப்பிய 'ஓடு' என்ற கட்டளை நள்ளிரவில் போய்ச்சேர்ந்து, எவரும் அறியாமல் மோட்டோரை ஓட்டக்கூடும். கிணற்றுக்குள் யாராவது இறங்கி நின்று துப்புரவு செய்யும் வேளையில் அவ்வாறு நேர்ந்தால்? செய்தியோடு அது அனுப்பப்பட்ட நேரமும் சேர்ந்தே வரும். சில நிமிடங்களுக்கு மேல் பழைய கட்டளையை ஏற்காதிருக்கும்படி கருவியை அமைக்கலாம். மணியடித்து வைக்கும் அழைப்பு மூலம் இயக்கும் கருவிகளில் இச்சிக்கல் இல்லை. எவ்வாறாயினும், கிணற்றில் இறங்குமுன் பிரதான ஆளியை நிறுத்திப் பூட்டுங்கள்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

1. 2ஜி, 3ஜி, 4ஜி ஆகியவற்றில் எதில் இயங்கும்? 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், 2024ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலும் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தின; அதையே நம்பியிருந்த கருவிகள் பழுதின்றியே பயனற்றுப்போயின. உங்கள் பகுதியில் எந்தச் சேவை எவ்வளவு காலம் இருக்கும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

2. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா?

3. மொடெம் அணைந்தால் மோட்டோர் நிற்குமா, தொடர்ந்து ஓடுமா?

4. மின்தடையின்பின் மின் வந்ததும் மோட்டோர் தானாக ஓடுமா? ஓடக்கூடாது.

5. கிணற்றில் நீர் வற்றினால் தானே நிறுத்துமா?

6. நாளுக்கொரு தடவை "நலம்" என்று செய்தி அனுப்புமா?

ஆறாவது கேள்வியைச் சிறிதாக எண்ணவேண்டாம். கருவி பிரச்சினை வந்தால் மட்டுமே பேசும் என்று வைத்துக்கொண்டால், அதன் மௌனத்தை நாம் நலம் என்று எண்ணிவிடுவோம். நாள்தோறும் மாலை 6 மணிக்கு ஒரு வரி வரவேண்டும். வராத நாளில் போய்ப் பார்க்கவேண்டும் என்பது ஒழுங்காகிவிட்டால், அணைந்துபோன கருவியும் தன் மௌனத்தால் எம்மை அழைக்கும்.

சேர்ந்து செய்வோம்

ஒரு குடும்பம் தனியே இதையெல்லாம் சமாளிப்பது கடினம். ஒரே பகுதியில் காணியுள்ள ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரேவகைக் கருவியை வாங்கினால், உதிரியாக ஒரு மின்வழங்கியையும் ஓர் அன்ரெனாவையும் பொதுவில் வைத்திருக்கலாம். ஊரில் ஏற்கெனவே தங்கிவிட்ட குடும்பம் ஒன்றிடம் பிரதான ஆளியின் திறப்பைக் கொடுத்துவைக்கலாம். அந்த இரவு, "தம்பி, ஒருக்கா ஓடிப்போய் ஆளியை நிப்பாட்டிவிடு" என்று சொல்லக்கூடிய ஓர் அயலவர் இருந்திருந்தால் கிணறு தப்பியிருக்கும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், விளக்கு மினுங்கிய விதம், செய்த சோதனை, கண்ட பயன் ஆகியவற்றைக் குறித்துவருவதும் நல்லது. "இரவில் மட்டும்" என்ற அந்தத் தாயின் இரு சொற்களே எமக்கு நோயைக் காட்டித்தந்தன என்பதை மறவாதிருப்போம்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத நாட்களில், சைக்கிளின் தைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட மக்கள் நாம். ஒருவர் மிதிக்க, பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் இன்னொருவர் ஏறினார், செய்தி நிற்கவில்லை. இன்றைய கருவி சிறியதாகவும் கெட்டித்தனமுள்ளதாகவும் இருக்கலாம். ஆயினும் அது களைக்கும்போது அதன் இடத்தில் நிற்க ஒரு மனிதர் தேவை.

நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் கதையை நீங்கள் அறிவீர்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. அறிவுள்ள ஐவரிடம் மட்டுமே மேலதிக எண்ணெய் இருந்தது. கருவியை வாங்குவது விளக்கை வாங்குவது போன்றது. நேர ஆளி, சிறு பற்றரி, நாளாந்தச் செய்தி, திறப்பு வைத்திருக்கும் அயலவர் ஆகியன அந்த எண்ணெய். அந்தத் தாயின் கிணறு அடுத்த மாரி மழையின்பின் மெல்லமெல்ல இனித்தது. இவ்வருடம் அவர் மீண்டும் வெங்காயம் நட்டுள்ளார். மோட்டோரை இரவில் ஓட்டுவதில்லை.